இரும்பை அறுத்தது துருவா? கடவுள் சித்தமா?

குஜராத்தில் மோர்பி என்னும் ஊரில், மச்சு நதியின்மேல் இருந்த தொங்கு பாலம் 2022ஆம் வருஷம் அக்டோபர் 30ந் தேதி மாலை அறுந்து விழுந்து 135 பேர் மாண்டு போனார்கள். மாண்டவர்களில் குழந்தைகள் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்க டிக்கட் வாங்கிக்கொண்டு பாலத்தின்மேல் ஏறியதைத் தவிர அவர்கள் வேறு பாவம் எதுவும் செய்யவில்லை. அதற்குப் பிறகு சில நாட்களில், அப்பாலத்தைப் பராமரிக்கும் ஒப்பந்தம் எடுத்திருந்த கம்பெனியின் மானேஜர் ஒருவர் நீதிமன்றத்தில் நின்று, இந்தத் துர்ப்பாக்கியம் கடவுளின் சித்தத்தால் நேர்ந்தது என்பதாகச் சொன்னார் என்று பத்திரிகைகள் எழுதின. பாலம் விழுந்த சங்கதியை மறந்து போனவர்கள்கூட இந்த ஒரு சமாதானத்தை மறக்கக் கூடாது என்பதற்காகவே நாம் இதை எழுதுகின்றோம்.

குற்றவாளி இன்னார் என்பதை நீதிமன்றம் தீர்மானித்துக் கொள்ளட்டும். அது நம்முடைய வேலையல்ல. நாம் விசாரிக்கப் போவது அந்தச் சமாதானத்தைத்தான். ஏனெனில் அது ஒரு மானேஜரின் வாயிலிருந்து மாத்திரம் வந்ததல்ல. இந்த நாட்டில் கூரை விழுந்தாலும், குழாய் வெடித்தாலும், கம்பி அறுந்தாலும், "எல்லாம் அவன் செயல்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளும் வழக்கம் கோடிக்கணக்கான பேர்களிடம் இருந்து வருகின்றது. அவர்கள் சொன்னால் அது அறியாமை. எண்ணெய் போட வேண்டியவன் சொன்னால் அது தப்பித்துக்கொள்ளும் தந்திரம். அந்தத் தந்திரம் பலிப்பதற்கு இந்த அறியாமைதான் ஜாமீன் கொடுக்கின்றது.

கம்பி சொன்ன சாட்சி

கடவுளின் சித்தம் என்னவென்று கேட்டறிய யாருக்கும் வழியில்லை. ஆனால் அறுந்த கம்பியைக் கேட்டறிய வழி உண்டு. குஜராத் சர்க்கார் நியமித்த விசேஷ விசாரணைக் குழுவினர் கம்பியைத்தான் கேட்டார்கள். அப்பாலத்தின் வடமானது ஏழு ஏழு கம்பிகளாக முறுக்கிய ஏழு புரிகளைச் சேர்த்துச் செய்தது. ஆகவே ஒரு வடத்திற்கு 49 கம்பிகள். அறுந்த வடத்தில் இந்த 49இல் 22 கம்பிகள் துருவால் அரிக்கப்பட்டிருந்தன என்றும், அவை விபத்துக்கு முன்னமேயே அறுந்து போயிருக்கக் கூடும் என்றும், மிச்சம் இருந்த 27 கம்பிகளே அன்றைக்கு அறுந்தன என்றும் அக்குழு எழுதி வைத்திருக்கின்றது. பழைய தொங்கு கம்பிகளோடு புதியவற்றைப் பற்றவைத்திருந்ததையும், மரப்பலகைகளை எடுத்துவிட்டு அலுமினியத் தளம் போட்டிருந்ததையும், திறப்பதற்குமுன் பாரம் ஏற்றிச் சோதித்துப் பார்க்காததையும் அக்குழு எடுத்துக் காட்டியிருக்கின்றது.

பாலமோ 1879ஆம் வருஷத்தில் கட்டியது. மாதக் கணக்கில் அதை மூடி வைத்து ரிப்பேர் வேலை நடந்தது. தளம் மாற்றப்பட்டதே தவிர வடம் மாற்றப்படவில்லை என்று சர்க்கார் தரப்பில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அதாவது, பார்க்க வருகிறவன் கண்ணுக்குப் படுகிற பாகம் புதிதாயிற்று. அவன் உயிரைத் தாங்குகிற பாகம் பழைய கதியிலேயே விடப்பட்டது. 49 கம்பிகளில் 22ஐப் பொறுக்கியெடுத்து அரிப்பதுதான் கடவுளின் சித்தம் என்றால், அந்தக் கடவுளுக்கும் துருவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

அன்றியும், அப்பாலம் திறக்கப்பட்ட நாள் எது தெரியுமா? அக்டோபர் 26ந் தேதி, குஜராத்திகளின் வருஷப் பிறப்பு நாள். நாளைப் பார்த்தார்கள், கம்பியைப் பார்க்கவில்லை. நல்ல நாளில் திறந்த பாலம் ஐந்து நாள்கூட முழுதாகத் தாங்கவில்லை. பஞ்சாங்கத்தில் நாள், நட்சத்திரம், யோகம், கரணம் எல்லாம் இருக்கின்றன. துருவைப்பற்றி அதில் ஒரு வரியாவது உண்டா?

துரு என்பது என்ன?

பூமியிலிருந்து இரும்பு பெரும்பாலும் இரும்பாகக் கிடைப்பதில்லை. பிராணவாயுவோடு கலந்த சிவந்த கல்லாகவும் மண்ணாகவும்தான் கிடைக்கின்றது. அதை உலையிலிட்டுக் கரியோடு காய்ச்சிப் பிராணவாயுவைப் பிரித்தால்தான் இரும்பு. பிரித்துவிட்டதனாலேயே அது சும்மா இருந்துவிடுவதில்லை. ஈரமும் காற்றும் கிடைத்த இடத்தில் மறுபடியும் பழைய மண்ணாகப் பார்க்கின்றது. இதற்குத்தான் துரு என்று பெயர்.

இரும்பின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கிறதென்று வைத்துக்கொள்வோம். அந்தச் சொட்டுக்கடியில் ஓரிடத்தில் இரும்பு கரைகின்றது. கரையும்போது எலக்ட்ரான் என்னும் மின்துகள்களை விடுகின்றது. அவை இரும்பின் வழியாகவே ஓடி, காற்றிலுள்ள பிராணவாயு எளிதில் கிடைக்கிற வேறோரிடத்தில் போய்ச் சேருகின்றன. ஆகவே அந்த ஒரு சொட்டு, டார்ச் விளக்கின் பாட்டரியைப் போல ஒரு சிறு மின்சார யந்திரமாகிவிடுகின்றது. தண்ணீரில் உப்புக் கலந்திருந்தால் மின்சாரம் இன்னும் தாராளமாக ஓடும். கடற்கரை ஊர்களில் ஜன்னல் கம்பி சீக்கிரம் இற்றுப் போவதற்குக் காரணம் இதுதானே தவிர, அவ்வீட்டாரின் ஜாதகம் அல்ல. உலர்ந்த காற்றில் இரும்பு துருப்பிடிப்பதில்லை. காற்று கலவாத தண்ணீரிலும் ஏறக்குறையப் பிடிப்பதில்லை. இரண்டும் கூடினால்தான் பிடிக்கின்றது. ஆகையால் இரண்டில் ஒன்றை விலக்கிவிட்டவன் துருவை விலக்கிவிட்டான்.

அலுமினியமும் காற்றுப் பட்டால் மாறத்தான் செய்கின்றது. ஆனால் அதன்மேல் உண்டாகும் மெல்லிய தோல் கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகின்றது. திறந்த வெளியில் நிற்கும் செம்பின்மேல் படியும் பச்சையும் பெரும்பாலும் அப்படியே. இரும்பின் துரு அப்படிப்பட்டதல்ல. அது உதிரும், ஊறும், தண்ணீரை உள்ளே விடும். உப்பிப் பெருக்கவும் செய்யும். தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். வீட்டுக் கூரைக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி துருவேறினால் கான்கிரீட் வெடித்துப் பாளமாக விழுவது இதனால்தான்.

வடத்தின் சங்கதி இன்னும் மோசம். மெல்லிய கம்பிகள் பலவாக இருப்பதால் துரு பற்றுவதற்கு இடம் அதிகம். புரிகளின் இடுக்கில் புகுந்த மழைத் தண்ணீர் வெயில் படாமல் உள்ளேயே தங்கும். வெளிப் பார்வைக்கு வடம் முழுதாக இருக்கும்போதே உள்ளே பாதி போயிருக்கலாம். ஆகவேதான் வடத்திற்குக் கிரீஸ் அடைக்க வேண்டும், திறந்து பார்க்க வேண்டும், தேய்ந்ததை மாற்ற வேண்டும் என்று வேலை தெரிந்தவர்கள் சொல்லுகிறார்கள்.

அமெரிக்காவின் சாபக் கதை

மேல்நாட்டார் எல்லாம் பகுத்தறிவாளர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கும் நம்மவர்களைப் போன்றவர்கள் உண்டு. ஒஹையோ நதியின்மேல் வெள்ளிப் பாலம் என்று பேர்பெற்ற பாலம் ஒன்று 1928ஆம் வருஷம் திறக்கப்பட்டது. 1967ஆம் வருஷம் டிசம்பர் 15ந் தேதி மாலை, வண்டிகள் நெருங்கி நின்ற நேரத்தில் அது ஆற்றில் விழுந்து 46 பேர் இறந்தார்கள். உடனே கதை கிளம்பிற்று. 1777இல் அவ்விடத்தில் கொல்லப்பட்ட பழங்குடித் தலைவர் ஒருவரின் சாபம் பலித்ததென்றார்கள் சிலர். சிறகு முளைத்த ஒரு பூத மனிதன் ஒரு வருஷமாக அந்தப் பக்கத்தில் சுற்றினான், அது இதற்கான சகுனந்தான் என்றார்கள் வேறு சிலர்.

ஆனால் விசாரணை செய்தவர்கள் பூதத்தைத் தேடிப் போகவில்லை. ஆற்றில் கிடந்த இரும்பை எடுத்து அடுக்கிப் பார்த்தார்கள். அப்பாலம், முனையில் துளையுள்ள எஃகுப் பட்டைகளைச் சங்கிலிபோல் கோத்துத் தொங்கவிடப்பட்டது. அதில் ஒரு பட்டையின் துளை ஓரத்தில் சுமார் இரண்டரை மில்லி மீட்டர் ஆழமுள்ள விரிசல் ஒன்று இருந்தது. அரிப்பும் இழுவிசையும் சேர்ந்து 39 வருஷமாக அதை வளர்த்து வந்திருக்கின்றன. பட்டை முறிந்தது, கூட இருந்த பட்டை தனியாகத் தாங்க முடியாமல் நழுவிற்று, பாலம் முழுவதும் போயிற்று. சாபத்தின் நீளம் இரண்டரை மில்லி மீட்டர் என்று கண்டுகொண்ட பிறகு அந்த நாட்டார் என்ன செய்தார்கள்? சாந்தி செய்யவில்லை. பாலங்களைப் பரிசோதிப்பதற்கு 1968இல் சட்டம் செய்து, 1971இல் விதிகள் ஏற்படுத்தினார்கள்.

அந்த விதிகள் வந்தும் அலட்சியம் ஒழிந்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுகின்றோம். 1983ஆம் வருஷம் ஜூன் 28ந் தேதி கனெக்டிகட்டில் மயானஸ் நதிப் பாலத்தின் ஒரு பகுதி விழுந்து மூவர் இறந்தார்கள். ரோடு போட்டவர்கள் தண்ணீர் வடியும் துவாரங்களை மூடிவிட்டார்கள். மூட்டுகளில் தண்ணீர் இறங்கித் துருவேறிற்று. அந்தத் துரு உப்பி, தொங்கு பட்டையை அதன் ஆணியிலிருந்து நெட்டித் தள்ளிற்று. கடவுளை நம்பும் தேசமானாலும் நம்பாத தேசமானாலும், துவாரத்தை அடைத்தால் துரு ஏறும், திறந்தால் ஏறாது. இந்த விஷயத்தில் துருவுக்கு இருக்கின்ற நடுநிலைமை, தெய்வங்களுக்குக்கூட இருப்பதாக யாரும் சொன்னதில்லை.

டில்லித் தூணைக் காட்டுகிறவர்கள்

நிற்க, இப்படி நாம் எழுதினவுடன், "டில்லியில் 1600 வருஷமாகத் துருப்பிடிக்காத தூண் நிற்கவில்லையா? அதைச் செய்த நமது ரிஷிகளின் மகிமை என்ன?" என்று கேட்கச் சிலர் ஓடி வருவார்கள். தூண் நிற்பது உண்மைதான். ஏழு மீட்டர் உயரம், ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடை. ஆனால் அதில் மகிமைக்கு இடமில்லை. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாக இருக்கின்றது. அக்காலத்துக் கொல்லர்கள் சுண்ணாம்பு சேர்க்காமல் கரி உலையில் உருக்கியதால் அது இரும்பிலேயே தங்கிவிட்டது. நனைந்தும் காய்ந்தும் வந்த அந்த இரும்பின்மேல், பாஸ்பரஸின் உதவியால் ஒரு மெல்லிய காப்புத் தோல் படிந்தது. இதைக் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கியிருக்கின்றார். ஈரம் தங்குகிற மண்ணுக்குள் புதைந்திருந்த அடிப்பாகமோ, 1961இல் தோண்டிப் பார்த்தபோது துருப்பிடித்துத்தான் இருந்தது. மகிமை மண்ணுக்கு மேலே மட்டும் வேலை செய்து, கீழே வேலை செய்யாதா?

அந்தத் தூணில் ஓர் அரசனின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. விஷ்ணுவின் பெயரும் இருக்கின்றது. உலையூதி, உருக்கி, அடித்து, ஒட்டி, நிறுத்திய கொல்லர்களில் ஒருவன் பெயராவது இருக்கின்றதா? இல்லை. செய்தவன் பெயரை விட்டுவிட்டுச் செய்யாதவர்களுக்குப் பெருமை கொடுக்கும் யோக்கியதையும், செய்யத் தவறியவனை விட்டுவிட்டுக் கடவுள்மேல் பழி போடும் யோக்கியதையும் ஒரே புத்தியிலிருந்து பிறந்தவைதான்.

இன்னும் சிலர், "தோன்றியதெல்லாம் அழியும், இரும்பு மாத்திரம் நிலைக்குமா?" என்று வேதாந்தம் பேசுவார்கள். பாரிஸில் ஈபல் கோபுரம் 1889இல் இருபது வருஷத்துக்கென்று கட்டப்பட்டது. ஏறக்குறைய ஏழு வருஷத்திற்கொரு முறை, ஒரு தடவைக்குச் சுமார் 60 டன் பெயிண்டு பூசி வருகிறார்கள். இன்னமும் நிற்கின்றது. நிலையாமையைப்பற்றி அவர்களுக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் பெயிண்டு பூசுகின்றார்கள். அழியும் என்று தெரிந்தவனுக்குக் காப்பாற்றும் கடமை அதிகமாகின்றதே தவிரக் குறைவதில்லை.

பொட்டும் எண்ணெயும்

நம்முடைய ஆயுத பூஜையை எடுத்துக்கொள்ளுவோம். அரிவாள், மண்வெட்டி, லேத்து, பஸ், அச்சு யந்திரம் எல்லாவற்றிற்கும் அன்றைக்குச் சந்தனம், குங்குமம், பொரி, சுண்டல். யந்திரத்தைத் துடைத்துக் கழுவுகின்றார்களே, அது நல்ல காரியம். ஆனால் வருஷத்திற்கு ஒரு நாள் துடைத்து, துடைத்த இடத்தில் ஈரச் சந்தனத்தை அப்பி வைத்தால் இரும்புக்கு என்ன லாபம்? சந்தனம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஒரு சொட்டு எண்ணெய் ஈரத்தை விலக்கி வைக்கும். அரிவாளுக்கு எது மரியாதை என்று அரிவாளையே கேட்டால் அது எண்ணெயைத்தான் கேட்கும்.

இத்தனைக்கும் நமது ஜனங்களுக்குக் காக்கும் வழி தெரியாமலில்லை. பித்தளைப் பாத்திரத்தில் புளி ஊற்றினால் களிம்பேறும் என்று தெரிந்து ஈயம் பூசிக்கொண்டு வந்தவர்கள் நம் பெண்கள். அதே வழிதான் உலகமெங்கும் பெரிதாக்கப்பட்டிருக்கின்றது. இரும்பின்மேல் துத்தநாகம் பூசினால், கீறல் விழுந்த இடத்திலும் துத்தநாகம்தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். கப்பலின் செம்புத் தகட்டோடு இப்படி வேறு உலோகத்தைச் சேர்த்துக் காக்கலாம் என்று ஹம்ப்ரி டேவி 1824ஆம் வருஷமே காட்டிவிட்டார். மண்ணில் புதைத்த குழாய்களையும் கப்பல்களையும் இன்றைக்கும் அப்படிக் காக்கின்றார்கள். இரும்போடு பத்தரை சதவிகிதத்திற்குக் குறையாமல் குரோமியம் கலந்தால் நம் வீட்டு எவர்சில்வர். யாகத்தில் நெய்யையும் பட்டையும் எரித்துப் பலன் கேட்கிறவர்கள், தன்னை எரித்துப் பிறரைக் காக்கிற ஒரு துண்டுத் துத்தநாகத்தைப் பார்த்தாவது பலன் எப்படி வருகிறதென்று தெரிந்துகொள்ளட்டும்.

பாம்பன் காட்டும் வழி

மோர்பி பாலம் அறுந்த அதே 2022இல் நம் பக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. உப்புக் காற்றின் நடுவில், கடலின்மேல் நின்றது. 1964 டிசம்பர் புயலில் பெரும் பகுதி அடித்துப் போய் மறுபடியும் கட்டப்பட்டது. பாவம் போக்க இராமேஸ்வரம் போகும் பக்தர்களை அது 108 வருஷகாலம் சுமந்தது. 108 என்றவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். சுமந்தது அந்த எண்ணின் சக்தியல்ல. வெயிலில் தொங்கிக்கொண்டு துருவைச் சுரண்டிப் பெயிண்டு பூசிய கூலியாட்களின் கை. 2022 டிசம்பரில், கப்பலுக்காகத் திறக்கும் பகுதியில் பொருத்தப்பட்டிருந்த கருவிகள் எச்சரித்தவுடன் ரயிலை நிறுத்தினார்கள். பிறகு 2025 ஏப்ரலில் புதிய பாலத்தைத் திறந்தார்கள். அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் கடற்காற்றைத் தாங்கும் விசேஷப் பூச்சும் போட்டிருக்கிறார்கள்.

ஒரே வருஷம், ஒரே நாடு, ஒரே துரு. ஓரிடத்தில் துருவேறிய பாலத்தைத் திறந்தார்கள், 135 பிணங்கள். மற்றோரிடத்தில் துருவேறிய பாலத்தை நிறுத்தினார்கள், ஒரு உயிருக்கும் சேதமில்லை. கடவுள் சித்தம் இரண்டு மாதத்திற்குள் மாறிவிட்டதா? அல்லது மனிதன் பார்த்ததும் பாராததும்தான் வித்தியாசமா? காரைக்குடியில் 1948இல் அஸ்திவாரம் போடப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இந்த அரிப்பைப்பற்றி ஆராய்வதற்கு மண்டபம் கடற்கரையிலேயே ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கின்றது. அறிவுக்குப் பஞ்சமில்லை. அதைக் கேட்டு நடப்பதற்குத்தான் பஞ்சம்.

பணமில்லை என்று சொல்லவும் இடமில்லை. அரிப்பினால் உலகத்துக்கு வருஷத்திற்கு 2.5 லட்சம் கோடி டாலர் நஷ்டம் என்றும், தெரிந்த வழிகளைக் கையாண்டாலே அதில் நூற்றுக்கு 15 முதல் 35 பாகம் வரை மிச்சப்படுத்தலாம் என்றும் இத்துறைச் சங்கமொன்று 2016இல் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கின்றது.

என்ன செய்ய வேண்டும்?

ஆகவே நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். ஜனங்கள் நடக்கும் ஒவ்வொரு பாலத்தின் தலைமாட்டிலும், அதைக் கடைசியாகப் பரிசோதித்த தேதி, பரிசோதித்தவர் உத்தியோகம், கண்ட குறை ஆகியவற்றைத் தமிழில் எழுதித் தொங்கவிட வேண்டும். திறப்பு விழாவில் தேங்காய் உடைக்குமுன் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். துருவைச் சுரண்டாமல் அதன்மேல் பெயிண்டு அடித்து பில் கொடுப்பவனுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. புண்ணைக் கழுவாமல் பட்டுத் துணி சுற்றுவதும் அதுவும் ஒன்றுதான். வடத்தைத் திறந்து பார்க்க வேண்டும். தண்ணீர் வடியும் துவாரங்களை மழைக்குமுன் குத்திவிட வேண்டும். சுரண்டிப் பூசுகிற தொழிலாளிக்குக் கயிறும் கச்சையும் நியாயமான கூலியும் கொடுக்க வேண்டும்.

தோழர்களே! உங்கள் வீட்டுக் கூரையில் செந்நிறக் கறையும் விரிசலும் கண்டால் ஜோசியனைக் கூப்பிடாதீர்கள். கொத்தனாரையும் இன்ஜினீயரையும் கூப்பிடுங்கள். உப்புப் போகக் கழுவாத கடல் மணலைக் கம்பி போட்ட கான்கிரீட்டில் சேர்க்க விடாதீர்கள். உங்கள் ஊர்ப் பாலத்தின்மேல் போகும்போது அண்ணாந்து பார்த்துக் கும்பிடாதீர்கள். குனிந்து அதன் மூட்டுகளைப் பாருங்கள். துரு தெரிந்தால் பஞ்சாயத்திலும் முனிசிபாலிட்டியிலும் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒருவன் நீதிமன்றத்தில் நின்று "கடவுள் சித்தம்" என்று சொல்லும்போது, அவன் எதிரில் நீட்டுவதற்கு அந்த ரசீது உங்கள் கையில் இருக்கட்டும்.